உட்சக்கிடம் என்ன கேட்டார்கள்?

கீழாநெல்லி பற்றிய அந்த வாட்ஸ்அப் செய்தி வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிற ஆள் மாறுவார், வாசகம் மாறாது. நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் நம் மூலிகையைச் சோதித்துப் பார்த்து, கல்லீரல் வைரஸை அது விரட்டுகிறது என்று ஒப்புக்கொண்டாராம். மருந்துக் கம்பெனிகள் அதை அமுக்கிவிட்டனவாம். என்னைத் தொந்தரவு செய்வது என்னவென்றால், இதன் முதல் பாதி கிட்டத்தட்ட உண்மை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அழித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பேன். பாதி உண்மையாக இருப்பதால்தான் அது இத்தனை நாளாக மனதுக்குள் நெருடிக்கொண்டே இருக்கிறது.

எங்கள் வீட்டில் இது வெறும் பொது அறிவு விஷயமாக இருந்ததில்லை. மாமா ரத்த தான முகாம் ஒன்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள், ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றார்கள். ஆள் நன்றாகத்தான் இருந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, பசி இருந்தது, வயல் வேலையும் நடந்தது. ஆனால் கல்லீரல் என்று காதில் விழுந்ததுமே வீட்டில் அத்தனை பேரும் காமாலை என்று முடிவு கட்டிவிட்டார்கள். காமாலை என்றால் கீழாநெல்லி. மறுநாள் காலையிலிருந்து அத்தை செடியை அரைத்து மோரில் கலந்து கொடுக்க ஆரம்பித்தாள்.

கீழாநெல்லிக்கு நம் ஊரில் உள்ள பெயரில் ஒரு பங்கு ஹெபடைடிஸ் ஏ வாங்கிக் கொடுத்தது என்பது என் அபிப்பிராயம். கெட்ட தண்ணீரில் வருகிற அந்தக் காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் புகழ். பி வைரஸ் வேறு ஜாதி. உடம்பில் தங்கிவிட்டால் பல வருடங்கள் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, சிலருக்குக் கல்லீரலைச் சுருக்கும், சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். அதனால் மாமா விஷயத்தில் எனக்குத் தெரியவேண்டியிருந்த கேள்வி ஒன்றுதான்: தங்கிவிட்ட பி வைரஸைக் கீழாநெல்லி ஏதாவது செய்கிறதா? மாமா மகனிடம் இதைக் கேட்டேன். “ஏ மாப்ள, நோபல் பரிசு வாங்குன ஆளே சொல்லிருக்காருல்லா, நீ என்ன பெரிய இவனா?” என்றான் மச்சான். மருத்துவம் படித்த நண்பன் ஒருவனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, “விலங்குல பண்ணின சோதனைடா அது. எலிக்குக் கேட்டா மனுஷனுக்குக் கேக்கணுமா?” என்றான். இரண்டு பேருமே அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. இரண்டு பேருடைய குரலிலும் ஒரே அளவு உறுதி.

ஃபிலடெல்ஃபியா விலங்குகள்

அந்தச் சோதனையில் எலியே கிடையாது. இருந்தது உட்சக் என்ற ஒரு பிராணி. அணில் குடும்பம்தான், ஆனால் பூனை அளவுக்குக் கொழுத்து, தரையில் வளை தோண்டி வாழும். குளிர்காலம் முழுக்கத் தூங்கும். பிப்ரவரி 2ஆம் தேதி பென்சில்வேனியாவில் ஒரு பிராணியை வளையிலிருந்து தூக்கிக் காட்டி, குளிர்காலம் இன்னும் எத்தனை நாள் நீளும் என்று ஜோசியம் பார்ப்பார்களே, அதே பிராணிதான். அதே மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா மிருகக்காட்சி சாலையைச் சேர்ந்த பென்ரோஸ் ஆய்வுக்கூடத்தில், ராபர்ட் ஸ்னைடர் என்பவர் உட்சக்குகளை வளர்த்து வந்தார். செத்துப்போன விலங்குகளை அறுத்துப் பார்த்தால் கல்லீரல் அழற்சியும் கல்லீரல் புற்றுநோயும் திரும்பத் திரும்பத் தட்டுப்பட்டன. ஜெஸ்ஸி சம்மர்ஸ் என்ற ஆய்வாளர் அவற்றின் ரத்தத்தில் தேடிப்பார்த்தபோது, மனிதனின் ஹெபடைடிஸ் பி வைரஸுக்குப் பங்காளி போல ஒரு வைரஸ் கிடைத்தது. 1978இல் அது அச்சில் வந்தது.

இதன் முக்கியத்துவம் புரிய, அதற்கு முன்னால் இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். மனித ஹெபடைடிஸ் பி சாதாரண எலியைத் தொற்றாது, நாயைத் தொற்றாது. சிம்பன்ஸியைத் தொற்றும், ஆனால் சிம்பன்ஸி விலை உயர்ந்தது, எண்ணிக்கையில் குறைவு, அதற்குப் பெரும்பாலும் நோய் லேசாகத்தான் வரும். (சிம்பன்ஸியை இப்படிக் கூண்டில் வைத்துச் செய்த ஆராய்ச்சிகளை அமெரிக்க அரசு பிற்பாடு கைவிட்டது. நல்லதுதான்.) வைரஸ் தங்கி, கல்லீரல் அழன்று, கடைசியில் புற்றுநோய் வருகிற முழுக் கதையையும் ஒரே உடம்பில் பார்க்க வழியே இருக்கவில்லை. உட்சக்கில் அது இருந்தது. பிறந்த சில நாளில் வைரஸ் ஏறி, அது தங்கிவிட்ட உட்சக்குகளுக்கு ஏறத்தாழ எல்லாவற்றுக்குமே இரண்டிலிருந்து நான்கு வருடத்துக்குள் கல்லீரல் புற்றுநோய் வந்துவிடுகிறது. மனிதனுக்கு நாற்பது ஐம்பது வருடம் எடுக்கிற சங்கதி. 1980இல் சம்மர்ஸும் வில்லியம் மேசனும் பீக்கிங் வாத்திலும் இதே குடும்பத்து வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த வாத்துக் கல்லீரலை வைத்து, இந்த வைரஸ் தன்னை எப்படி நகலெடுக்கிறது, நடுவில் ஆர்என்ஏ வழியாக எப்படித் திரும்பி வருகிறது என்பதை 1982இல் காட்டினார்கள். இன்று மாமாவைப் போன்றவர்கள் தினமும் விழுங்குகிற மாத்திரைகள் அடிக்கிற இடம் அந்த நகலெடுப்புதான்.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம். நோபல் விஞ்ஞானி என்றது பரூக் பிளம்பெர்க். நம் ஊர் லேப் சீட்டில் பழைய ஆட்கள் இன்னும் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று எழுதுகிறார்களே, ரத்தத்தில் பி வைரஸ் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தவர், 1976இல் பரிசு வாங்கியவர். 1987இல் வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன், பிளம்பெர்க் மூவரும் சேர்ந்து ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மில்மனும் பிளம்பெர்க்கும் யார் என்றால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூல யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர்கள். ஆக, தடுப்பூசிக்காரர்களே உட்கார்ந்து கீழாநெல்லியைச் சோதித்திருக்கிறார்கள். மூடி மறைத்தார்கள் என்ற கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

கட்டுரையை இறக்கிப் படித்த அன்று இரவு சாப்பிடக்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை. அதில் உட்சக்கில் செய்தது ஒரு சோதனை இல்லை, மூன்று. முதலாவது, நெடுநாளாக வைரஸ் தங்கியிருந்த விலங்குகளில்: செடியின் சாற்றைக் கொடுத்தபோது ரத்தத்தில் ஆன்டிஜென் அளவு மற்றவற்றைவிட வேகமாகக் குறைந்தது. இரண்டாவதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. புதிதாகத் தொற்று ஏறிய நான்கு உட்சக்குகளில் மூன்றில் வைரஸின் அடையாளங்கள் சில வாரங்களில் மறைந்தன. பத்து வாரத்தில் மருந்தை நிறுத்திய பிறகும் திரும்ப வரவில்லை. மருந்து கொடுக்காத மூன்றில் வைரஸ் அப்படியே இருந்தது. மூன்றாவது சோதனையை யாரும் சொல்வதில்லை. நெடுநாள் தொற்றுள்ள ஐந்து விலங்குகளுக்குத் தோலுக்கடியில் ஊசியாகப் பன்னிரண்டு வாரம் கொடுத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதே விலங்குகளுக்கு வயிற்றறைக்குள் நேரடியாக ஊசி போட்டபோது ஐந்தில் இரண்டுக்கு வைரஸ் குறைந்தது.

நான்குக்கு மூன்று, ஐந்தில் இரண்டு. எண்கள் சின்னவை, அது ஒரு பக்கம். புதிதாகத் தொற்றிய உட்சக் சில சமயம் தானே வைரஸை வென்றுவிடும் என்பதும் ஒரு பக்கம். என்னை நிறுத்தியது வேறு. வயிற்றறைக்குள் ஊசி போட்டால் சாறு நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் கலக்கும். மாமா குடிப்பது மோரில். குடலைத் தாண்டி எது போகிறது, எவ்வளவு போகிறது என்று உட்சக்கிடம் யாரும் கேட்கவே இல்லை. தோலுக்கடியில் போட்டதற்கே அது ‘இல்லை’ என்று பதில் சொல்லியிருந்தது. அந்தப் பதில் அதே கட்டுரையில், ஒளிவுமறைவு இல்லாமல், அச்சாகி இருக்கிறது. எங்கள் குடும்பக் குழுவுக்கு வந்து சேர்ந்தது நடுவில் இருந்த ஒரு சோதனை மட்டும்.

சென்னை, பிறகு வாத்து

கதை அத்தோடு நின்றிருந்தால் நண்பன் பக்கம் சாய்ந்திருப்பேன். ஆனால் அடுத்த வருடமே மனிதர்களில் சோதித்தார்கள், அதுவும் சென்னையில். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக நிறுவனத்தில் எஸ். பி. தியாகராஜன் குழு, பிளம்பெர்க்கோடு சேர்ந்து, வைரஸ் தங்கியவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் வாய்வழியே கொடுத்துப் பார்த்தது. 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்துக்கு, ஆன்டிஜென் மறைந்துவிட்டது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் இது வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்திருக்கும். இன்றைய மாத்திரைகளால்கூட அப்படி ஒரு மாதத்தில் ஆன்டிஜெனை மறைய வைக்க முடியாது.

உடனே மற்றவர்களும் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்தார்கள், ஆன்டிஜென் போகவில்லை. நியூசிலாந்திலும் போகவில்லை. மெல்பர்னில் வாத்துக்குக் கொடுத்தார்கள், வாத்து வைரஸின் பெருக்கம் அசையவே இல்லை. அந்த 1990ஆம் வருட வாத்துக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் தியாகராஜன் பெயரும் இருக்கிறது. தன் கண்டுபிடிப்புக்கு எதிரான முடிவிலும் கையெழுத்துப் போட்ட மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. செடியிலும் ஒரு குழப்பம் இருந்தது. ஃபிலடெல்ஃபியா கட்டுரை சொன்ன தாவரப் பெயர் ஃபிலாந்தஸ் நிரூரி, சென்னையில் கொடுத்தது ஃபிலாந்தஸ் அமாரஸ். பழைய இந்தியப் புத்தகங்கள் இரண்டையும் ஒன்றாகவே எழுதிவந்தன. எந்த மண்ணில், எந்த மாதத்தில் பறித்தது என்பதற்கேற்பச் சத்து மாறவும் வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் ஒரு சமாதானமாகச் சொல்லலாம். ஆனால் சமாதானம் நிரூபணம் ஆகாது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2011இல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் செய்த மதிப்பாய்வும், நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

இதை மச்சானிடம் சொன்னபோது, “அப்போ அந்த உட்சக் பொய் சொல்லிச்சாக்கும்?” என்று கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் அதற்குப் பதில் தேடப்போய்த்தான் 1993ஆம் வருடத்துக்குள் விழுந்தேன்.

பதினைந்து பேர்

ஃபையலூரிடின் என்று ஒரு மருந்து. வைரஸின் டிஎன்ஏவில் சேர வேண்டிய ஒரு எழுத்தைப் போலவே வேஷம் போட்டு உள்ளே நுழைந்து பெருக்கத்தை நிறுத்தும். எலி, நாய், குரங்கு என்று வழக்கமான விலங்குகளில் பார்த்தாயிற்று, கல்லீரலுக்கு ஆபத்து என்று எதுவும் தென்படவில்லை. மனிதர்களுக்குச் சில வாரங்கள் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது வைரஸ் சரசரவென்று இறங்கியது. 1993 மார்ச்சில் பெதெஸ்தாவில் உள்ள அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 15 பேருக்கு நீண்டகாலச் சோதனை தொடங்கியது. ஜூன் மாதம் ஒருவருக்குக் கல்லீரல் திடீரென்று கைவிட்டது. உடனே எல்லோருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் ஒருவர் பின் ஒருவராக மோசமானார்கள். ஏழு பேருக்குக் கடுமையான பாதிப்பு. ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டு பேர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். மருந்து வைரஸோடு நிற்காமல், செல்லுக்குச் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவுக்குள்ளும் புகுந்திருக்கிறது. அந்தச் சேதம் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். தெரியும்போது திரும்பி வர வழி இருக்காது.

அதற்கப்புறம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட் டென்னன்ட் என்ற கால்நடை மருத்துவரின் குழு அதே மருந்தை உட்சக்குகளுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்தது. முதல் சில வாரங்கள் எல்லாம் அற்புதம், வைரஸ் காணாமல் போகிறது, விலங்கு தின்கிறது, நடக்கிறது. ஆறு, எட்டு வாரம் தாண்டிய பிறகு தீனி எடுக்கவில்லை, இளைத்தது, துவண்டது, கடைசியில் கல்லீரல் போயிற்று. பெதெஸ்தாவில் அந்தப் பதினைந்து பேருக்கு நடந்த அதே வரிசை. 1998இல் இது வெளிவந்தபோது இறந்தவர்களுக்கு ஐந்து வருடத் திதி முடிந்திருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். உட்சக்குக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு வாரம் கேட்டிருந்தால் ‘நல்ல மருந்து’ என்று சொல்லியிருக்கும், பன்னிரண்டு வாரம் கேட்டால் ‘கொல்லும்’ என்கிறது. இரண்டும் அதனுடைய நேர்மையான பதில்கள். எலியின் கதை இன்னும் விசித்திரம். அதன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இந்த மருந்தை ஏற்றிச் செல்ல மனிதனிடம் இருப்பது போன்ற கடத்தி இல்லை என்று 2006இல் தெரியவந்தது. அதனிடம் எத்தனை வாரம் கேட்டிருந்தாலும் பயனில்லை. பிறகு 2014இல் ஸ்டான்ஃபோர்டில், கல்லீரலில் மனிதச் செல்களை வளர்த்த எலிகளுக்கு ஃபையலூரிடின் கொடுத்தார்கள், இரண்டு வாரம் ஆவதற்குள் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கியது. ஆனால் அந்த எலிக்கும் ஒரு குறை உண்டு. மனிதச் செல்லை அது ஏற்க வேண்டும் என்பதற்காக அதன் நோய் எதிர்ப்புச் சக்தியை அழித்து வைத்திருப்பார்கள். ஹெபடைடிஸ் பியில் கல்லீரலை அழிப்பது பெரும்பாலும் நம் எதிர்ப்புச் சக்திதான் என்பதால், நோயைப் பற்றிக் கேட்டால் அதற்குப் பாதிதான் தெரியும்.

அதனால் ‘விலங்கில் நிரூபித்துவிட்டார்கள்’ என்பவரிடமும் ‘விலங்கில்தானே’ என்பவரிடமும் எனக்கு இப்போது ஒரே எரிச்சல்தான். எந்த விலங்கு, எந்த வழியாகக் கொடுத்தார்கள், எத்தனை நாள், தொற்று புதிதா பழையதா என்று கேட்டால் இரண்டு பேருமே பேச்சை மாற்றுவார்கள். மாமா இப்போது சாப்பிடும் என்டெகாவிர் இதற்கு நல்ல உதாரணம். வாரம் ஒரு முறை என்று மாதக்கணக்கில், சிலவற்றுக்கு வருடக்கணக்கில், உட்சக்குகளுக்குக் கொடுத்தபோது வைரஸ் அடங்கியது, புற்றுநோய் தள்ளிப்போனது, ஆயுள் நீண்டது. அதே மருந்தை அதிக அளவில் கொடுத்தபோது சுண்டெலிகளுக்கு நுரையீரலில் கட்டிகள் வந்தன. 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு இத்தனை வருடப் பயன்பாட்டில் மனிதர்களுக்கு அப்படி வரவில்லை. இங்கே உட்சக்கின் பேச்சு எடுபட்டது, சுண்டெலியின் பேச்சு எடுபடவில்லை. எது எடுபடும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு சூத்திரம் இருந்தால் நன்றாக இருக்கும். இல்லை. புற்றுநோய் விஷயத்திலேயே உட்சக் மனிதனோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. மனிதனுக்குப் பெரும்பாலும் கல்லீரல் சுருங்கிய பிறகு கட்டி வரும், உட்சக்குக்குச் சுருங்காமலே வந்துவிடும்.

இந்த விலங்குகளை நினைத்தால் எனக்குச் சங்கடமாகவும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒரு முறை, வசந்தத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிக்குப் பிறந்த சில நாளிலேயே வைரஸைச் செலுத்துகிறார்கள், புற்றுநோயில் சாகும் என்று தெரிந்தே. மாமாவின் மாத்திரை டப்பாவில் அந்தக் குட்டிகளும் இருக்கின்றன. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று நிம்மதியாகச் சொல்லவும் முடியவில்லை.

குட்டிகள்

அந்தக் குட்டிகள் விஷயம்தான் கடைசியில் எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஏன் பிறந்த குட்டிக்கே வைரஸைக் கொடுக்கிறார்கள்? வளர்ந்த உட்சக்குக்குக் கொடுத்தால் பெரும்பாலும் விரட்டிவிடும். குட்டிக்குக் கொடுத்தால் பாதிக்கு மேல் தங்கிவிடும். மனிதரிலும் அப்படியே: பெரியவராகித் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும், பிரசவத்தில் தாயிடமிருந்து வந்தால் பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்குத் தங்கிவிடும். இதைப் படித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினேன். மாமாவுக்கு அது எப்போது வந்தது என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. ரத்த தான ஊசியிலா, சலூன் கத்தியிலா என்றுதான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி மகோதரத்தில் போனவள். வயிறு பானை போல வீங்கி, கால் வீங்கி, கடைசி மாதங்களில் கண் மஞ்சளித்துப் போனவள். அவளுக்கு யாரும் வைரஸ் சோதனை செய்யவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யார் செய்தார்கள்? அவளுக்கு நான்கு பிள்ளைகள், அதில் என் அம்மாவும் ஒருத்தி.

கல்லீரல் மருத்துவரிடம் மாமாவை அடுத்த முறை கூட்டிப் போனபோது இதைக் கேட்டேன். “முதல்லயே சொல்லியிருக்கோமே, வீட்ல எல்லாரையும் டெஸ்ட் பண்ணச் சொல்லி சீட்ல எழுதியிருக்கே” என்றார். எழுதியிருந்தது உண்மைதான். சீட்டின் கீழே, ஒரு ஓரத்தில். கீழாநெல்லியை வெறும் வயிற்றில் குடிப்பதா, சாப்பிட்ட பிறகா என்ற விவாதத்தில் அதை யாரும் வாசிக்கவில்லை. மாமா பிள்ளைகள் இருவருக்கும் நெகட்டிவ், உடனே தடுப்பூசி ஆரம்பித்தாயிற்று. அம்மாவுக்கு ஆன்டிஜென் இல்லை, ஆனால் எப்போதோ தொற்றி விலகிப்போன அடையாளம் ரத்தத்தில் இருந்தது. பெரிய மாமாவுக்குப் பாசிட்டிவ். ஐம்பத்தெட்டு வயது, நாள் தவறாமல் சைக்கிள் மிதிக்கிறவர். ஸ்கேனில் கல்லீரல் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிவதாகச் சொல்லி அவருக்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்கு இரண்டு மாமாக்களும் சேர்ந்தே போகிறார்கள். அத்தை இப்போதும் மோரில் கலந்துதான் கொடுக்கிறாள். மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

மிச்சம் சித்தி ஒருத்திதான். “எனக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தானே இருக்கேன்” என்று மூன்று பொங்கலாகத் தட்டிக் கழிக்கிறாள். அவள் மகள் இப்போது மாசமாக இருக்கிறாள், கர்ப்ப காலச் சோதனையில் அவளுக்கு இல்லை என்று வந்துவிட்டது, பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசியையும் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தாயிற்று. வளைகாப்புக்கு எல்லோரும் ஊரில் கூடும்போது லேப் பையனை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறேன். சர்க்கரை பார்க்க என்று சொல்லலாமா, உள்ளதைச் சொல்லிவிடலாமா என்று மச்சானும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். உள்ளதைச் சொல்லிவிடலாம் என்கிறான் மச்சான்.